தலையெழுத்தும் ஓரக்குறிப்பும்

போன வாரம் மாலை நடைக்குப் போனபோது என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கடற்கரைச் சாலையில் எதிரே வந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர். காந்தி சிலைக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து பென்ஷன், பேரப்பிள்ளைகள், முட்டிவலி எல்லாம் பேசி முடித்தோம். எழுந்திருக்கும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, ரெண்டு மாசம் முன்னாடி ஒருநாள் ஒண்ணுக்குப் போறப்ப சிவப்பாப் போச்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல. மறுநாளே சரியாயிடுச்சு."

"டாக்டரைப் பாத்தியா?"

"எதுக்குண்ணே? அதான் நின்னு போச்சே. அப்படியே ஏதாவது இருந்தாலும் தலையெழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. 2018இல் இதே வார்த்தையை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்று சொல்லத் தொடங்கி, கொசுக்கடியில் பாதியில் நின்றுபோனதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. எனக்கு அப்போது 68 வயது. ஒருநாள் காலையில் சிறுநீர் பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி போனது. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டோமா என்று யோசித்தேன். சாப்பிடவில்லை. இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தபோதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. ஸ்கேன் எடுத்தார்கள், குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் பவளப்பூச்சி மாதிரி ஒரு கட்டி. சுரண்டி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய். நல்லவேளையாக, தசைக்குள் இறங்கவில்லை.

டாக்டர் இளைஞர். முதல் கேள்வியே, "ஐயா சிகரெட் பிடிப்பீங்களா?" என்பதுதான்.

"பிடிச்சேன் டாக்டர். 21 வயசுல ஆரம்பிச்சது. 2002இல் விட்டாச்சு. 16 வருஷமாத் தொடுறதில்ல."

"நீங்க விட்டுட்டீங்கய்யா. உங்க உடம்பு இன்னும் மறக்கல" என்றார்.

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. உடம்பு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது? ஆயுள் முழுக்க ஏடுகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அன்று தொடங்கிப் படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

சாயப்பட்டறையில் தொடங்கிய கதை

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். கிடைத்தது மருந்தல்ல, ஊதாச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து வரும் அனிலீனை வைத்துச் செய்தது. அடுத்த மூன்றே வருடத்தில் பிரான்சில் லியோன் நகரத்து வெர்கேன் என்பவர் அனிலீனிலிருந்து பளீரென்ற ஒரு சிவப்பை எடுத்தார். அதற்கு ஃபுக்சின் என்று பெயர். 1859இல் மூன்றாம் நெப்போலியன் மஜென்தா என்ற ஊரில் ஆஸ்திரியர்களை வென்றார். அந்த வெற்றியின் பெயரையே இந்தச் சாயத்துக்கும் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் போரின் தேதியை மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். அந்தப் பெயர் என் சிறுநீர்ப்பைக் கதைக்குள் வரும் என்று அப்போது யார் கண்டது?

அடுத்த 30 வருடத்தில் ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைகள் பெருகின. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். குத்துப்பட்ட இதயத்தைத் தைத்து ஆளைப் பிழைக்க வைத்த முதல் மருத்துவர் என்று 1896இல் பெயர் வாங்கியவர். அதற்கு முந்தின வருடம், 1895இல், அவர் இன்னொரு காரியம் செய்தார். ஃபுக்சின் தயாரிக்கும் பட்டறையில் வேலை செய்த 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதை மருத்துவர் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். ஊரில் அபூர்வமாக வரும் நோய் ஒரே பட்டறையில் மூன்று பேருக்கு வந்தால் அது தற்செயல் ஆகாது என்பது அவர் வாதம்.

அவர் அனிலீனைச் சந்தேகித்தார். 1921இல் ஜெனீவாவின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அனிலீனை விட அதன் பங்காளிகளான பீட்டா நாப்தைலமீன், பென்சிடின் இரண்டும்தான் கெட்டவை என்று பிறகு தெளிவானது. 1938இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹியூப்பர் நாய்களுக்குப் பீட்டா நாப்தைலமீன் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை நிரூபித்தார். 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சாயத் தொழிற்சாலைகளின் பழைய ஆட்பட்டியல்களை எடுத்து, இறப்புச் சான்றிதழ்களோடு பெயர் பெயராக ஒத்துப் பார்த்தார்கள். சாயத் தொழிலாளிகள் இந்த நோயால் இறப்பது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று வெளிவந்தது.

இந்த இடத்தில் குமாஸ்தாக்களாகிய நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவர் பெயர்ப்பட்டியலை ஒழுங்காக எழுதி வைத்ததாலும், எங்கோ ஒரு பதிவு அலுவலகத்தில் இன்னொருவர் இறப்புக்கான காரணத்தைச் சரியாகப் பதிந்து வைத்ததாலும்தான் அந்த உண்மை வெளியே வந்தது. 1967இல் பிரிட்டன் சட்டம் போட்டு அந்த ரசாயனத்தைத் தடை செய்தது. ரேன் சொல்லி 72 வருடம் கழித்து! சிவப்பு நாடா நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை.

சாயப்பட்டறைப் பக்கமே போகாத எனக்கு எப்படி வந்தது? சிகரெட் புகையிலும் அதே பீட்டா நாப்தைலமீன் இருக்கிறது. அதன் ஒன்றுவிட்ட அண்ணனான அமினோபைஃபினைலும் இருக்கிறது. புகை போவது நுரையீரலுக்குத்தானே என்று நினைப்போம். அங்கிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து ஈரலுக்கு, ஈரல் மாற்றி அனுப்பியது சிறுநீரகத்துக்கு, கடைசியில் சிறுநீர்ப்பைக்கு. மற்ற இடங்களில் கழிவு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேதான் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புகைதான் காரணம் என்கிறார்கள். நாம் சீட்டை விட்டு எழுந்து டீக்கடையில் நின்று ஊதிய ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சாயப்பட்டறை.

ஒரே ஒரு எழுத்து

விஷம் எந்த வழியாகப் போனது என்று புரிந்தது. உள்ளே போய் அது என்ன செய்தது?

இதற்கு 1982இல் ஒரு பெரிய பதில் கிடைத்தது. அதுவும் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்துதான் கிடைத்தது. 1970இல் ஸ்வீடனைச் சேர்ந்த 81 வயது மூதாட்டி ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வந்தார்கள். டி24 என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் வைன்பெர்க், பர்பசிட், விக்லர் என்று மூன்று பேரின் குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்தச் செல்லின் மரபணுக்களைத் துருவின. ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. மனிதனின் டிஎன்ஏ ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஓர் எழுத்துப் பிழை, செல்லைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கும் வேலையில் பங்கு கொள்கிறது. மனிதப் புற்றில் இப்படி ஒரு பிழையைக் கையும் களவுமாகப் பிடித்தது அதுவே முதல் தடவை.

உலகமே கொண்டாடியது. புற்றுநோய் என்றால் எழுத்துப் பிழை என்று ஆகிவிட்டது. இதைத்தான் என் நண்பர் தலையெழுத்து என்கிறார் போலிருக்கிறது! எழுதியதை அழிக்க முடியாது, அனுபவித்துத்தான் தீர வேண்டும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதை விளங்கிக்கொள்ள என் பழைய அலுவலகத்துக்கு உங்களைக் கூட்டிப் போக வேண்டும்.

எத்தா சிவில் ஏடு

புதுச்சேரிக்காரர்களுக்கு எத்தா சிவில் என்றால் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்தப் பழைய ஏடுகளைப் படித்து நகல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சொல்தா குடும்பங்கள் நான்த் நகரத்துக்கு அனுப்பக் காகிதம் கேட்டு வரிசையில் நிற்கும்.

அந்த ஏட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிறப்புப் பதிவை மையில் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பின் ஓர் எழுத்தையும் யாரும் தொடக்கூடாது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள். அந்த ஆள் பின்னாளில் திருமணம் செய்தால் ஓரத்தில் ஒரு குறிப்பு. விவாகரத்து ஆனால் இன்னொரு குறிப்பு. பெயர் திருத்தம் கோர்ட்டில் ஆனால் அதற்கும் ஒன்று. கடைசியாக இறப்பு. மாந்ஸியோன் மார்ழினால் என்பார்கள். நாங்கள் ஓரக்குறிப்பு என்போம். நடுவில் உள்ள பதிவு அப்படியே இருக்கும். ஆனால் ஓரத்தில் உள்ள ஒரு வரி அந்த மனிதரின் நிலையையே மாற்றிவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. நகல் எடுக்கும்போது ஓரக்குறிப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நகல் கொடுத்தால், கல்யாணமானவர் பிரம்மச்சாரி ஆகிவிடுவார். வம்புதான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்ற ஏடு ஒன்றேதான். ஆனால் கண்ணில் உள்ள செல் கண்ணாக இருக்கிறது, ஈரலில் உள்ளது ஈரலாக இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

1965இல் நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் இயற்கை அறிவியல் முசியே ஒருநாள் தலைகால் புரியாத சந்தோஷத்தில் வகுப்புக்குள் வந்தார். பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தின் ஃப்ரான்சுவா ழாக்கோப், ழாக் மோனோ, ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு. பாக்டீரியா தனக்கு முன்னால் பால் சர்க்கரை இருந்தால்தான் அதைச் செரிக்கும் மரபணுவைத் திறக்கும், இல்லாவிட்டால் மூடி வைக்கும் என்று கண்டுபிடித்தவர்கள். மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் முசியே. விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று புரியவில்லை. புரிய 53 வருடமும் ஒரு கட்டியும் தேவைப்பட்டன.

இந்தத் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். 1942இல் பிரிட்டன் விஞ்ஞானி வாடிங்டன் புழக்கத்தில் விட்ட சொல். எபி என்றால் கிரேக்கத்தில் மேலே. மரபணுவின் எழுத்துக்கு மேலே எழுதப்படுவது. என் பாஷையில், ஓரக்குறிப்பு.

அந்தக் குறிப்பை உடம்பு எந்த மையால் எழுதுகிறது? மெத்தில் என்று ஒரு சின்னத் துணுக்கு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். டிஎன்ஏவில் 'சி' என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. எழுத்து மாறுவதில்லை. ஆனால் ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தத் துணுக்குகள் நெருக்கமாக ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. 'முடக்கம்' என்று ஓரத்தில் எழுதிய கோப்பு மாதிரி. செல் இரண்டாகப் பிரிந்து ஏட்டை நகல் எடுக்கும்போது, இதற்கென்றே உள்ள ஒரு நொதி பின்னாலேயே வந்து ஓரக்குறிப்பையும் பார்த்து எழுதிவிடுகிறது. எத்தா சிவில் விதியேதான்!

குறிப்பை அழித்துப் பார்த்தவர்

செக்கோஸ்லோவாக்கியாவில் 1964இல் அசாசைடிடின் என்ற மருந்தைச் செய்திருந்தார்கள். பீட்டர் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி அதை எலிக்கருவின் செல்கள் மேல் சோதித்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் தட்டில் இருந்த செல்கள் தசையாக மாறியிருந்தன. துடிக்கவும் செய்தன. எழுத்தில் எதுவும் மாறவில்லை. பின் எப்படி? 1980இல் அவரும் ஷெர்லி டெய்லரும் விடை சொன்னார்கள். அந்த மருந்து டிஎன்ஏவுக்குள் புகுந்துகொண்டு, ஓரக்குறிப்பை நகல் எடுக்க வரும் நொதியைப் பிசின் மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. குறிப்பு நகலாவதில்லை. மூடிக் கிடந்த பக்கங்கள் திறந்துகொள்கின்றன.

ஜோன்ஸ் பிறகு எடுத்துக்கொண்ட நோய்களில் முக்கியமானது சிறுநீர்ப்பைப் புற்று. பி16 என்று ஒரு மரபணு இருக்கிறது. செல் கண்டபடி பிரியாமல் தடுக்கும் பிரேக். 1995இல் அவர் குழு சொன்னது இது: சில கட்டிகளில் அந்த மரபணு நல்லபடியாகத்தான் இருக்கிறது, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதன் தொடக்கத்தில் மெத்தில் அப்பி அது முடக்கப்பட்டிருக்கிறது. பிரேக் இருக்கிறது, பிடிக்கவில்லை.

2010இல் வந்த அவர்களது இன்னொரு முடிவுதான் என்னை நேராகத் தொட்டது. சிறுநீர்ப்பையில் கட்டி உள்ளவர்களிடம் கட்டிக்கு அப்பால், பார்வைக்கு நன்றாக இருக்கும் உள்சுவரிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஓரக்குறிப்புகள் மாறத் தொடங்கியிருந்தன. செடி முளைத்தது ஓரிடத்தில், கெட்டுப்போனது வயல் முழுக்க.

இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, சுரண்டி எடுத்த பிறகும் ஏன் மூன்று மாதத்துக்கு ஒருதரம் கருவியை விட்டுப் பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்னால், கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, காசு பிடுங்குகிறார்கள் என்று மனைவியிடம் முனகியவன் நான். இந்த இடத்தில் அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

புகையைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 16,000 பேரின் ரத்தச் செல்களில் இந்தக் குறிப்புகளைப் பார்த்தார்கள். புகை பிடித்தவர்களிடம் ஆயிரக்கணக்கான இடங்களில் குறிப்புகள் மாறியிருந்தன. விட்டவர்களுக்குப் பெரும்பாலானவை ஐந்து வருடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் சில மட்டும் 30 வருடம் ஆகியும் போகவில்லை. அது ரத்தத்தில் பார்த்தது, சிறுநீர்ப்பையில் இல்லை. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை என்று டாக்டர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. விட்டதால் பயன் இல்லை என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம். பெரும்பாலான குறிப்புகள் போய்விட்டன என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது.

குமாஸ்தாவே கெட்டுப்போனால்

2011இல் சீன விஞ்ஞானிகள் 97 நோயாளிகளின் கட்டிகளில் மரபணு எழுத்துகளை வாசித்தார்கள். 2014இல் அமெரிக்காவில் 131 கட்டிகளை வாசித்தார்கள். இருவரும் எழுத்துப் பிழையைத்தான் தேடினார்கள், நிறையவே கிடைத்தன. ஆனால் எந்தெந்த மரபணுவில் என்று பாருங்கள். ஓரக்குறிப்பை எழுதும், அழிக்கும், ஏட்டைச் சுருட்டி விரிக்கும் மரபணுக்களிலேயே பிழைகள் குவிந்திருந்தன. சீன ஆய்வில் 59 சதவீதம் பேருக்கு அப்படி. அதுவரை இப்படி ஆராய்ந்த பரவலான புற்றுகள் எதிலும் இந்த இலாகா இவ்வளவு கெட்டுப்போயிருக்கவில்லை என்றது அமெரிக்க ஆய்வு.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன். ஏட்டில் ஒரு பிழை இருந்தால் ஒரு குடும்பத்துக்குத்தான் கஷ்டம். ஏட்டை வைத்திருக்கும் குமாஸ்தா கெட்டுப்போனால் ஊருக்கே கஷ்டம். எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் பக்கம் மூடும் என்று யாருக்கும் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றில் நடப்பது பல சமயம் இதுதான். எழுத்தும் ஓரக்குறிப்பும் தனித்தனிக் கதை இல்லை என்று அங்கேதான் தெளிந்தது.

அந்தக் கெட்டுப்போன குமாஸ்தாக்களில் ஒருவர் பெயர் கேடிஎம்6ஏ. மூடி வைக்கும் ஒரு வகைக் குறிப்பை அழிப்பது அவர் வேலை. இவர் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறார். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் இவர் கெட்டாலும் மற்றதில் உள்ளவர் ஓரளவு வேலை பார்ப்பார். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. ஒய்யில் இருக்கும் பதிலி ஆள் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை. இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். புகையும் தொழிலும் ஒரு காரணம், அதை மட்டும் வைத்து முழுக் கணக்கும் நேராவதில்லை. 2018இல் எலிகளில் செய்த ஆராய்ச்சி இந்த எக்ஸ் கணக்கையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வீட்டில் எதையும் ஒழுங்காக எடுத்து வைப்பது நான்தான் என்று என் மனைவி சொல்வாள். அவள் பக்கம் விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது.

சைகோன் டாக்டரின் மருந்து

என் வைத்தியத்தைச் சொல்லாமல் முடித்தால் கணக்கு நேராகாது. கட்டியைச் சுரண்டிய பிறகு வாரம் ஒன்றாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியாக ஒரு மருந்தை விட்டார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். என்ன மருந்து என்று கேட்டேன். பிசிஜி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசநோய்க்குக் குழந்தைகளின் தோளில் போடும் அதே பிசிஜி!

அதில் 'சி' கால்மெத், 'ஜி' கெரேன். கால்மெத்தை நம் ஊர்க்காரர்களுக்கு வேறு வகையில் தெரிந்திருக்க வேண்டும். 1891இல் சைகோனில் பாஸ்தர் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். வேலைக்குச் சைகோன் போய் வந்த நம் ஊர்ப் பாட்டன்மார் சிலர் அந்தக் கட்டடத்தைக் கடந்து நடந்திருப்பார்கள். பிறகு லீல் நகரத்தில், கெரேன் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து, மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தார். 1908இல் தொடங்கி 13 வருடத்தில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கிருமி தன் கொடுமையை இழந்தது. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

அதைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டுவந்தவர் கனடாவில் அல்வாரோ மொராலெஸ். 1976இல் 9 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். ஆறு வாரம் என்று ஏன் வைத்தார் தெரியுமா? மருந்து வந்த பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தனவாம். அந்த ஆறு இன்று வரை உலகம் முழுக்க நடக்கிறது. முன்னுதாரணம் என்று ஒன்று கோப்பில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது என்பதை நம்மைவிட யார் அறிவார்!

பிசிஜி எப்படி வேலை செய்கிறது? உடம்பின் காவல்காரச் செல்களை எழுப்பிவிடுகிறது. 2012இல் நெதர்லாந்தில் மிஹாய் நெத்தேயாவின் குழு, பிசிஜி போட்டுக்கொண்ட ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பார்த்தது. மூன்று மாதம் ஆகியும் அந்தக் காவல் செல்கள் பிற கிருமிகளைக் கண்டாலும் கூடுதல் வேகத்தோடு கிளம்பின. காரணம் என்ன என்று பார்த்தால், அவற்றின் ஏட்டில் புதிய ஓரக்குறிப்புகள் விழுந்திருந்தன. சிறுநீர்ப்பையில் அது பயன் தருவதிலும் இந்தக் குறிப்புகளுக்குப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சிகள் காட்டத் தொடங்கியிருக்கின்றன. சிகரெட் என் ஓரத்தில் எழுதியதை எதிர்த்து, சைகோன் டாக்டரின் கிருமி வேறு ஓரத்தில் எழுதியிருக்கிறது.

ஓரக்குறிப்பை அழிக்கும் அந்தச் செக் நாட்டு மருந்து 2004இல் அமெரிக்காவில் ஒரு ரத்த நோய்க்கு அங்கீகாரம் பெற்றுவிட்டது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது வழக்கமான மருந்தாகவில்லை. ஆனால் குறிப்பைப் படிக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது. சிறுநீரில் உதிரும் செல்களில் 15 இடங்களின் ஓரக்குறிப்புகளைப் படித்து நோய் திரும்பியிருக்கிறதா என்று சொல்லும் சோதனை வெளிநாடுகளில் வந்துவிட்டது. குழாய்க்கருவி உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்கு அது நம் ஊருக்கும் மலிவாக வந்தால் போதும்.

தலையெழுத்து என்று என் நண்பர் சொன்னதற்கு இதுதான் என் பதில். தலையெழுத்து பிறக்கும் முன்னால் யாரோ எழுதியது என்பார்கள். இது அப்படி இல்லை. 31 வருடம் நானே தீப்பெட்டியை உரசி உரசி என் ஓரத்தில் எழுதிக்கொண்டது. அந்தப் பொறுப்பைப் பிரம்மன் தலையில் கட்டக்கூடாது. அதே சமயம், ஓரத்தில் எழுதியதைச் சீக்கிரம் படித்தால் அதற்கு மேல் ஏதாவது செய்யவும் முடிகிறது. நான் மூன்று மாதம் தாமதித்தேன், தப்பித்தேன். எல்லாருக்கும் அந்த மூன்று மாதம் கிடைக்காது.

சிறுநீரில் ரத்தம் ஒருதரம் வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், டாக்டரிடம் போங்கள். வேறு சின்னக் காரணமாகவும் இருக்கலாம், கல்லாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம். அதை அவர் சொல்லட்டும். வலியில்லை என்பது நிம்மதி தரும் செய்தி இல்லை. இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் கதவைத் தட்டும்.

நேற்று நண்பருக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினார். "சாதாரணமாத்தான் இருக்கும்ணே" என்றார். "சாதாரணம்னு எழுதி வாங்கிட்டு வந்துடலாம், வாப்பா" என்றேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோவோடு அவர் வாசலில் நிற்கப்போகிறேன். நவம்பரில் இரண்டு பேரும் சேர்ந்துதான் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போவது வழக்கம். எத்தா சிவில் ஏட்டில் பிறப்புப் பதிவின் ஓரத்தில் கடைசியாக விழும் குறிப்பு என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறோம். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் இடம் காலியாகவே இருக்கட்டும்.